எந்த டியூப் போட்டீர்கள்? வேலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் கிளினிக்குக்கு வருகிறார்கள். ஊர் வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். நான் முதலில் கேட்பதும் எல்லோரிடமும் ஒன்றுதான்: “இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?” இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே இருப்பவை பொதுவான விளக்கங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

டாக்டரைப் பார்க்க வரும் முன் என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் அதிகம். கிளம்பும் அன்று காலையில் எண்ணெய், மஞ்சள், பவுடர், கிரீம் எதையும் அந்த இடத்தில் தடவாமல் வாருங்கள். முகத்தைக் காட்ட வருகிறவர்கள் மேக்கப் போடாமலும், நகத்தைக் காட்ட வருகிறவர்கள் நெயில் பாலிஷை அழித்துவிட்டும் வந்தால் நல்லது. செதிலைச் சுரண்டி எடுத்துச் சுத்தமாக வரவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் செதிலைத்தான் நான் ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், அதை விட்டு வையுங்கள்.

இதுவரை போட்ட டியூப், சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலியாகிச் சுருண்டுபோன டியூபாக இருந்தாலும் பரவாயில்லை. “வெள்ளை டியூப், பச்சை மூடி” என்று சொன்னால் எனக்குத் தெரியாது. அந்த நிறத்தில் கடையில் இருபது இருக்கும். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மூட்டு வலி என்று எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அதுவும் பையில் வரட்டும். தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், பல நேரம் நிறையவே இருக்கிறது.

படர்தாமரை போய்ப் போய்த் திரும்பி வருகிறது. இரண்டு வருடமாக இதே கதை. ஏன்?

வரிசையில் காத்திருப்பவர்களில் நிறையப் பேருடைய கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்துக் கடையில் “படைக்கு ஒரு டியூப் கொடுங்க” என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் கலப்பு மருந்து. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நிற்பது அந்த ஸ்டீராய்டினால்தான். சிவப்பும் அடங்கிவிடும். ஆனால் அது அடக்குவது தோலின் எதிர்ப்பு சக்தியை, பூஞ்சையை அல்ல. பூஞ்சை நீறு பூத்த நெருப்பாக உள்ளே இருந்துகொண்டு பரவுகிறது. டியூபை நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்புகிறது. மறுபடியும் அதே டியூப். இப்படி ஆறு மாதம் போனால், தொடை இடுக்கில் ஒரு ரூபாய் அளவில் இருந்தது இடுப்பு, வயிறு, முதுகு என்று ஏறியிருக்கும். வட்டம் கலைந்து, இது படர்தாமரைதானா என்று எனக்கே முதல் பார்வையில் சந்தேகம் வரும்படி உருவம் மாறியிருக்கும். தொடையில் பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழுந்திருந்தால் அவை ஸ்டீராய்டு போட்ட கோடுகள். படை ஆறிவிடும், அந்தக் கோடுகள் போகாது. கல்லூரிக்குப் போகும் பையன்களின் தொடையில் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, அவர்கள் மேல் அல்ல.

டியூபின் மேல் பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இவை நல்ல மருந்துகள்தான். நானும் தினமும் எழுதித் தருகிறேன், படர்தாமரைக்கு அல்ல. ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதற்கு அதுதான் அர்த்தம். விதி இருக்கிறது. டியூபும் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் பூஞ்சையே மாறிவிட்டது. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் வகைக்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-ல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற மாத்திரை முன்பு இரண்டு வாரத்தில் வேலையை முடித்துவிடும். இந்த வகையில் பலவற்றுக்கு அந்த மாத்திரை பிடிப்பதே இல்லை. அதனால்தான் இட்ராகோனசோல் எழுதுகிறோம், அதையும் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் தருகிறோம். இந்த கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டாலோ, கூடவே அசிடிட்டி மாத்திரை போட்டாலோ மருந்து உடம்பில் சரியாக ஏறாது. “மாத்திரை சாப்பிட்டும் கேட்கலை மேடம்” என்பவர்களிடம் விசாரித்தால், காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரையோடு சேர்த்து விழுங்கியிருப்பார்கள்.

கிரீமைப் படைக்கு மேல் மட்டும் போடாமல், விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

மூன்றாவது காரணம் வீடு. ஒருவர் மட்டும் மருந்து போட்டு, மற்ற மூன்று பேர் சொறிந்துகொண்டிருந்தால் எந்த மருந்தும் நிற்காது. துண்டு தனித்தனியாக இருக்கட்டும். உள்ளாடையைத் தனியாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, தையல் ஓரங்களில் அழுத்தி அயர்ன் செய்யுங்கள். வேலூர் வெயிலுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது நன்றி சொல்லலாம். இறுக்கமான ஜீன்ஸை மருந்து முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். அப்புறம் அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறி, காயாமலேயே கிடக்கும் அந்தக் கறுப்புக் கயிற்றின் கீழே வளையமாகப் படை ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன். கழற்ற மனம் வராதவர்கள் சிகிச்சை முடியும்வரை வெள்ளியில் போட்டு, தினமும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்கு ஒரு நைட் கிரீம் போட்டேன், நன்றாக வெளுத்தது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிகிறது. அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. அதே ஸ்டீராய்டு கதைதான், இந்த முறை முகத்தில். தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பு நூலாகத் தெரியும். பரு கொத்தாகக் கிளம்பும், வெயில் பட்டால் எரியும். மறுபடியும் போட்டால் உடனே அடங்குவதால் “இந்த கிரீம் இல்லாமல் முடியாது” என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதிலிருந்து வெளியே வரப் பல மாதம் ஆகும். நடுவில் முகம் இன்னும் மோசமாகும் நாட்கள் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாமல் சின்ன டப்பாவில் விற்கும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள், திட்ட மாட்டேன்.

உடம்பில் வெள்ளையாக ஒரு தேமல் இருக்கிறது. குஷ்டமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

வெளுப்பாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக வரும் தேமல் பெரும்பாலும் வறட்சி. பூச்சி மாத்திரை கொடுத்து அதைப் போக்க முடியாது. மாய்ஸ்சரைசரும் சில மாதப் பொறுமையும் போதும். மார்பு, முதுகில் பொடிச் செதிலோடு சிதறிக் கிடப்பது ஒருவகை ஈஸ்ட், வியர்வைக் காலத்தில் அதிகமாகும். மருந்து போட்டு ஈஸ்ட் செத்த பிறகும் நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடாதீர்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம். சுண்ணாம்பு போலச் சுத்த வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருந்தால் வெண்புள்ளியைப் பற்றி யோசிப்பேன்.

தொழுநோயில் வரும் தேமல் வேறு. அது சுத்த வெள்ளையாக இருக்காது, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளிறியோ சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனாலேயே பலர் வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பஞ்சை நூலாகத் திரித்து, நல்ல தோலில் ஒருமுறை தொட்டுக் காட்டுவேன். பிறகு உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலிலும் வெளியிலும் மாற்றி மாற்றித் தொடுவேன். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தேமலுக்கு வெளியே தொட்டபோதெல்லாம் சரியாகக் காட்டிவிட்டு, உள்ளே தொட்டபோது விரல் அசையாமல் கண்ணை மூடியபடியே அடுத்த தொடுதலுக்காகக் காத்திருப்பார்கள் சிலர். அந்த அமைதியிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்து முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவி, தடித்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

தொழுநோயாகவே இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, தாமதிக்கத்தான் கூடாது. கூட்டு மருந்து சிகிச்சை நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு போய்விடும், தனித் தட்டு, தனி அறை எல்லாம் தேவையில்லை. சிறுநீர் சிவப்பாகப் போவதும் தோல் கொஞ்சம் கறுப்பதும் மருந்தின் வேலைதான்.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் நம் ஊருக்கு உலக அளவில் பெயர் உண்டு. 1940-களின் இறுதியில் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாரை மாற்றி வைத்து அறுவை சிகிச்சை செய்து வேலை செய்யும் கைகளாக மாற்றினார். 1955-ல் காட்பாடி அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே போகச் சொன்னால் “அங்கேயா?” என்று முகம் சுருங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் பயிற்சிக்கு வந்துபோகும் இடம் அது. பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போக நாம் கூச்சப்படுகிறோம்.

வெண்புள்ளி குணமாகுமா? மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்ததா?

மீனும் பாலும் காரணமில்லை. புளிப்பும் இல்லை. நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருகிறது, அதனால் தைராய்டையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வேன். தொட்டால் ஒட்டாது.

குணமாகுமா என்பது இடத்தைப் பொறுத்தது. முகத்திலும் கழுத்திலும் நிறம் நன்றாகத் திரும்பும். விரல் நுனி, உதடு, கணுக்கால் பிடிவாதம் பிடிக்கும். புள்ளியின் மேல் இருக்கும் முடியும் வெளுத்திருந்தால் மருந்தால் மட்டும் நிறம் வருவது கஷ்டம், ஏனென்றால் புது நிறம் முடியின் வேரிலிருந்துதான் பொட்டுப் பொட்டாக ஏறி வரும். டாக்ரோலிமஸ் போன்ற களிம்பு, 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி சிகிச்சை, ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருந்தால் தோல் ஒட்டு, இவைதான் வழிகள். ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் வரவேண்டும். ஒடுகத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ வருகிறவருக்கு அது நடக்கிற காரியமா என்று முதலில் பேசிவிடுவேன். பாதியில் நின்றுபோகும் சிகிச்சையைவிட, வீட்டிலேயே தொடரக்கூடிய சிறிய சிகிச்சை மேல்.

தோல் தொழிற்சாலையில் வேலை. கை வெடித்து, அரித்து, நீர் வடிகிறது. லீவு போட்டால் ஆறுகிறது, வேலைக்குப் போனால் வருகிறது.

நோயின் பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள். லீவில் ஆறி, வேலையில் திரும்பினால் அது தொழில் சார்ந்த ஒவ்வாமை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை நெடுக இந்தக் கைகளைப் பார்க்கலாம். தோலைப் பதப்படுத்தும் குரோமியம் உப்பு ஒரு காரணம். சுண்ணாம்பு, அமிலம், சாயம், பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் ரசாயனம் என்று மற்றவையும் உண்டு. ஷூ கம்பெனியில் இருக்கிறவர்களுக்குப் பசை. கொத்தனார் கையில் வருவதும் பல நேரம் குரோமியம்தான், அது சிமெண்டில் இருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம், அடுத்த ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையக் கூடாது. கத்திரி வெயிலில் இதை வைக்க எனக்கு விருப்பமில்லை, வியர்வையில் பிளாஸ்திரி கழன்று கையோடு வந்துவிடும். மழை முடிந்த பிறகு வாருங்கள்.

குரோமியம் என்று உறுதியானால் தோல் செருப்பு, வாட்ச் பட்டை, பெல்ட் வரைக்கும் மாற்ற வேண்டியிருக்கும். கையுறை போடுங்கள் என்று சொல்வது சுலபம். ஓட்டை விழுந்த கையுறைக்குள் ரசாயனம் தேங்கினால் வெறுங்கையைவிட மோசம். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு, மேலுறை கிழிந்த அன்றே மாற்றுங்கள். கையைக் கழுவக் கரைப்பான் எதையும் தொடாதீர்கள். குரோமியத்தால் வரும் புண் பழைய தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் மூன்றாம் அட்டவணையிலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே இதை வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டாம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள், என்ன வேலை, எந்தப் பிரிவு என்று சீட்டில் தெளிவாக எழுதித் தருகிறேன்.

அக்கிக்குக் காவி எழுதலாமா?

எழுதிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். சிவப்புக் காவியில் அழகாக எழுதியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம், நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, காவிக்கு அடியில் கொப்புளம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு, நேரம். அக்கி என்பது எப்போதோ வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுவது. அதற்கான அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதுகிறவரைத் தேடி, நல்ல நாள் பார்த்து, மூன்று தடவை எழுதி முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. வயதானவர்களுக்குக் கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் நெருப்பாக எரியும் நரம்பு வலி நிற்கலாம்.

நெற்றியில், கண் பக்கத்தில், முக்கியமாக மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் அன்றே கண் டாக்டரையும் பார்க்க வேண்டும். சின்னம்மை வராத குழந்தையும் கர்ப்பிணியும் அந்தக் கொப்புளத்தைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும்.

ராத்திரியில் வீடே சொறிகிறது. ரத்தம் கெட்டுவிட்டதா?

ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், மறைவிடம் என்று இரவில் அரித்தால் அது சிரங்குப் பூச்சி. பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து கால் விரல்வரை, நகத்தடி உட்பட, இரவு தடவிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் போட வேண்டும், ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை வந்துபோகும் பிள்ளையும் சேர்த்துத்தான். அந்தப் பிள்ளைதான் பெரும்பாலும் கொண்டு வந்திருக்கும். கைக்குழந்தைக்கு எப்படி என்று தனியாகக் கேளுங்கள். பூச்சி செத்த பிறகும் மூன்று நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம், அதற்காகத் தினமும் கிரீம் போட்டுத் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

சொரியாசிஸுக்கு எழுதிய மாத்திரையை ஏன் வாரம் ஒருநாள் மட்டும் சாப்பிடச் சொல்கிறீர்கள்? தினம் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகாதா?

ஐயோ, வேண்டவே வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். அதனால் சீட்டில் “செவ்வாய் மட்டும்” என்று தமிழில் பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டுத் தருகிறேன். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரையும் உள்ளே கூப்பிட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வேன். கூட எழுதும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மது கூடாது, கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சொரியாசிஸ் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. முழுக்கப் போய்விடும் என்று யாராவது உத்தரவாதம் தந்து பொட்டலம் கொடுத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அதை நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து வருகிறவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூட்டு வலி, காலையில் விரல் விறைப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள், இதே நோய் மூட்டுக்கும் போகும்.

காணாக்கடி தினமும் வருகிறது. என்ன சாப்பிடக் கூடாது?

பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லை. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் தடித்து மறைந்தால் அதை நாள்பட்டது என்கிறோம், அதில் காரணம் கிடைப்பதே அரிது. கருவாடு, கத்தரிக்காய், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக விட்டு இளைத்துப்போய் வருகிறார்கள், தடிப்பு மட்டும் இளைப்பதில்லை. வந்தபோது மட்டும் மாத்திரை போடாமல், சொன்ன காலம்வரை தினமும் போடுங்கள். வலி மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும். கிளினிக் வரும்போது தடிப்பு மறைந்திருக்கும், எனவே போனில் படம் எடுத்து வையுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ என்னைத் தேடி வராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குழந்தைக்குக் கரப்பான். அம்மா கத்தரிக்காய் சாப்பிடலாமா?

இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் விளையும் ஊரில் இதைக் கேட்காமல் இருப்பார்களா! சாப்பிடுங்கள். பால் கொடுக்கும் தாயைப் பத்தியம் போட்டுக் காயவைப்பதால் குழந்தையின் தோல் ஆறாது. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்த ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுவதுதான் முக்கியமான மருந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. கடலை மாவும் பயத்த மாவும் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். சிவந்த இடத்துக்கு நான் லேசான ஸ்டீராய்டுதான் எழுதுவேன். மேலே அவ்வளவு திட்டிவிட்டு இங்கே எழுதுகிறேனே என்று கேட்கலாம். சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் அது நல்ல மருந்து. பயந்துகொண்டு போடாமல் விட்டுக் குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுவதும் தவறுதான்.

போர் தண்ணீரால் முடி கொட்டுகிறதா?

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் உடைக்கும், வேரோடு உதிர்க்காது. கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள்: பிரசவம், டெங்கு, டைபாய்டு, கடுமையான டயட். அது தானாக நிற்கும். நாணயம் போல வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டு. புழு எதுவும் கிடையாது, வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்காமல் வாருங்கள், ஊசி போட்டுப் பார்க்கலாம்.

கழுத்து கறுத்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தேய்க்காதீர்கள், எடையையும் சர்க்கரையையும் பாருங்கள். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம்.

பருவுக்கு எழுதிய கேப்ஸ்யூல் கல்யாணம் ஆகப்போகும் பெண்ணுக்குக் கொடுக்கலாமா?

ஐசோட்ரெட்டினாயினைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் என்னிடம் தேதியைச் சொல்லுங்கள். இந்த மருந்து சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம்வரையிலும் கர்ப்பம் கூடாது, கருவை ஊனமாக்கும். பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது மட்டும் பொய். தோழிக்குப் பலன் தந்தது என்று பகிர்ந்துகொள்ளாதீர்கள். தலையில் வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு நெற்றிப் பருவுக்கு மருந்து கேட்பவர்களுக்கு, முதலில் எண்ணெயைக் குறையுங்கள் என்பதுதான் பதில்.

மங்குக்கு சன்ஸ்கிரீன் தினமும் வேண்டுமா? நான் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

மாடியில் துணி காயப்போடுகிறீர்கள், வாசலில் கோலம் போடுகிறீர்கள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைக்கிறீர்கள். அது போதும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுத்துத் தடவுங்கள். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மங்குக்கு இன்னும் நல்லது.

கத்திரி வெயிலில் வேர்க்குருவுக்கு என்ன போடலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். வியர்வைக் குழாய் அடைத்துக்கொள்வதுதான் வேர்க்குரு. பவுடரை அள்ளிக் கொட்டினால் இன்னும் அடைக்கும். தளர்ந்த பருத்தித் துணி, இரண்டு வேளைக் குளியல், ஃபேன் காற்று, அரித்தால் கலமைன். நுங்குத் தண்ணீர் தடவுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, நுங்கைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தடவுங்கள். சீழ் கோத்துக் கட்டியானால் காட்டுங்கள், கட்டி அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஏதோ மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் வரலாமா?

அடுத்த வாரம் வேண்டாம். காய்ச்சல், வாயிலும் கண்ணிலும் புண், தோலில் வலி, கொப்புளம், உரிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த மணி நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு மாத்திரை, சல்ஃபா மாத்திரை, சில வலி மாத்திரைகள் இப்படிச் செய்யும். மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். தப்பிப் பிழைத்த பிறகு அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

போட்டோ அனுப்பினால் வாட்ஸ்அப்பிலேயே மருந்து சொல்வீர்களா?

ஏற்கெனவே ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு, இடையில் ஒரு சந்தேகம் என்றால் சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு முடியாது. படத்தை வைத்துத் தொட்டுப் பார்க்க முடியாது, செதில் எடுக்க முடியாது. அனுப்புவதானால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒன்று தூரத்திலிருந்தும் ஒன்று கிட்டத்திலிருந்தும் எடுங்கள். தயவுசெய்து ஃபில்டர் போட வேண்டாம்.